பூப் பார்க்கப் போன அன்று ஜெயந்தி கேட்டது

என் கூடப் பிறந்த ராஜுவுக்கு,

இந்த வருஷம் நான் பூப் பார்க்கப் போனேன். நீ நம்பமாட்டாய். ஒன்பது வருஷம் நுவரெலியா பூங்காவில் பாத்தி கட்டினாய். ஒவ்வொரு சித்திரைக்கும் "வாக்கா, ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ" என்று கெஞ்சினாய். நம் கந்தப்பளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கூட்டம் என்றேன், குளிர் என்றேன், பிள்ளைக் காம்பராவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்றேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எழுந்திருக்காமலே போய் மூன்று வருஷமாகிறது. இப்போது போக எனக்கு என்ன வந்தது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கோபப்படாமல் கேள். உன் மனைவி ஜெயந்தியைக் கல்யாணம் செய்துகொள்ள ஒருவன் கேட்டிருக்கிறான். வேறு யாருமில்லை, உன்னோடு பூங்காவில் வேலை செய்த மோகன்தான்.

ஜெயந்தி இதை என்னிடம் சொன்னது பங்குனி மாசம், தண்ணீர் விழும் பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது. "நீங்க என்ன சொல்றீங்களோ அதான் அண்ணி" என்றாள், தலையைத் தூக்காமலே. நான்கு நாள் வீட்டுக்குள் சோறு, தண்ணீர் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்தாம் நாள் நானே, "அவன நேர்ல பாத்து ரெண்டு வார்த்த பேசணும்" என்றேன். சித்திரைப் பூ சீசன் முடியும்வரை அவனுக்கு லீவு கிடையாது என்றாள். அதனால் நாங்கள் போனோம். பூவுக்காகப் போகவில்லை, ராஜு. முடியாது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லத்தான் போனேன்.

டவுன் முழுக்கக் கொழும்புக்காரர்கள். நம் ஊர்க் குளிருக்குப் பயந்து கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டருமாக, கையில் சோளப் பொத்தியோடு நடந்துகொண்டிருந்தார்கள். டிக்கட் வரிசையில் நிற்கும்போதே எனக்குக் கால் கடுத்தது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

ஆனால் உள்ளே போனதும் வாயடைத்துப் போனேன். நீ சொன்னதையெல்லாம் அளப்பு என்று நினைத்திருந்தேனே. டேலியா ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவு. பான்சிப் பூவுக்கு மூஞ்சி இருக்கிறது என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். குனிந்து பார்த்தால், மீசை வைத்த கங்காணி மாதிரி ஒன்று என்னை முறைத்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நடுப்பகல் வெயிலிலும் அந்திப் பனியிலும் குந்தியிருந்து நட்டவன் நீ. ஏன்டா என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை? கையைப் பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பேனா?

புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி படம் எடுக்க வேண்டும் என்று என்னைச் சிங்களத்தில் தள்ளி நிற்கச் சொன்னது. தள்ளி நின்ற இடத்தில் வேறொரு குடும்பத்தின் படத்துக்குள் போய் நின்றுவிட்டேன். பதறி இந்தப் பக்கம் வந்தால் மறுபடியும் அந்த ஜோடி. ஜெயந்தி சிரித்துவிட்டாள், வாயைப் பொத்தாமல், தோள் குலுங்க. நம் லயத்து வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உள்ளே சுருக்கென்றும் இருந்தது.

மோகன் கழுத்தில் விசிலோடு புல்தரை ஓரத்தில் நின்றிருந்தான். யாரும் பாத்தியை மிதிக்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். "வாங்கக்கா. சாப்பிட்டீங்களா?" என்றான். பகல் சாப்பாட்டு நேரம் வந்ததும் எங்களை மரத்தடி பெஞ்சுக்குக் கூட்டிப் போனான். ஜெயந்தி கொஞ்சம் தள்ளி நின்று பெகோனியாவைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்தாள்.

"என் தம்பி கூட ஒரே சோத்துப் பார்சல்ல சாப்பிட்டவன்தானே நீ? ஒனக்கு எப்பிடி மனசு வந்துச்சு?" என்று ஆரம்பித்தேன்.

அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஒரு வருஷமா யோசிச்சேன்க்கா. அண்ணன் மொகந்தான் முன்னாடி வந்து நிக்கும். வேணாம்னுதான் இருந்தேன். முடியல."

அவ்வளவுதான் சொன்னான். வரும் வழியெல்லாம் நான் அடுக்கி வைத்திருந்த பேச்சு, அவன் ஏதாவது வாதாடுவான் என்று நினைத்து அடுக்கியது. கடைசியில், "என் தம்பி இதுக்குச் சம்மதிக்கமாட்டான்" என்றேன்.

ஜெயந்தி திரும்பினாள். வந்து எனக்கு நேரே நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஆனா அவரு பேரச் சொல்லிச் சொல்லாதீங்க. அவரு என்ன சொல்லுவாருன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க."

எனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யார் கேட்டிருக்கிறார்கள், ராஜு? என் வீட்டுக்காரர் செத்துப்போனபோது எனக்கு வயது முப்பத்தொன்று. அப்போது ஒருவரும் வந்து என்னிடம் இப்படி நேருக்கு நேர் பேசவில்லை. பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

"நீ போயிட்டா நான் தனியா கெடக்கணும்டி" என்றேன். என் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை. சுற்றிலும் அத்தனை ஜனம், பேண்ட் வாத்தியம், நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயந்தரம் நான் வேலை விட்டு வரும்போது இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பாள். என் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். அது போய்விடும் என்ற பயம்தான் எனக்கு. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, உன் பெயரை முன்னால் நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மன்னித்துக்கொள்.

ஜெயந்தி பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மோகன் மெதுவாக, "எங்க வீட்டுல எடம் இருக்குக்கா. நீங்களும் வந்துருங்க" என்றான்.

"எனக்கு என் லயம் போதும். ஞாயித்துக்கெழமயில இவள அனுப்பி வையி. நீயும் வா."

அவன் என்னையும் ஜெயந்தியையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பன்னா..."

"ஆமா. போ, ஒன் பாத்தியில யாரோ ஏறி நிக்கிறாங்க."

விசிலை ஊதிக்கொண்டே ஓடினான். மூக்கைத் துடைத்துக்கொண்டு நான் எழுந்தேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம், மழை பிடித்துக்கொள்ளும்வரை, நானும் அவளும் நிஜமாகவே பூப் பார்த்தோம். ஓர்கிட் கூடாரத்தில் மட்டும் மூன்று தடவை சுற்றினோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. பாதி வழியில் ஜெயந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இனிமே நான் ஒங்கள என்னன்னு கூப்பிடுறது?"

அவள் என்னை அண்ணி என்று கூப்பிட்டது உன்னால். நீ கட்டிய தாலியால் வந்த முறை அது. இப்போது அது என்னவாகும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கிறது. நான் கொஞ்சம் யோசித்தேன்.

"மோகன் என்ன எப்பிடிக் கூப்பிடுறான்?"

"அக்கான்னு."

"புருஷனோட அக்காவ என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கந்தப்பளை கடைவீதி வரும்வரை அப்படியே இருந்தாள்.

வைகாசியில் பதிவுக் கல்யாணம். ஆடம்பரம் ஒன்றும் இல்லை, கோயிலில் ஒரு அர்ச்சனை, அப்புறம் டவுனில் சாப்பாடு. சாட்சிக் கையெழுத்து நான்தான் போடப்போகிறேன். லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் படத்தை யார் வைத்துக்கொள்வது என்று எங்களுக்குள் ஒரு சின்ன இழுபறி இருந்தது. மோகன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் இன்னொன்று எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டிலும் நீ ஒரே மாதிரிதான் சிரிக்கிறாய்.

கல்யாணத்தன்று அழமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. வேறொன்று தருகிறேன். இனி எதையும் உன் பெயரைச் சொல்லித் தடுக்கமாட்டேன், ராஜு. எனக்கு வேண்டியதை நானே வாய் திறந்து கேட்பேன்.

உன் அக்கா,
ஜெயந்திக்கு அன்றும் இன்றும் அண்ணி,
சரோஜா