மகள் சொன்ன பேட்டரி முனை

என்னங்க,

நேற்று நம் வீட்டு வாசலில் நடந்த அநீதியைச் சற்று நின்று பாருங்கள். பழைய காருக்கு, இன்ஜினில் தீப்பொறி உண்டாக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியை நீங்கள் மாட்டும்போது மகள் கெஞ்சினாள்: "அப்பா, இந்தக் காருக்கு பேட்டரியோட பிளஸ் முனைதான் எர்த்து, மத்த கார் மாதிரி மைனஸ் இல்ல. ஒயரை மாத்திக் குடுத்துடாதீங்க!"

"ஓட்டவே லைசென்ஸ் இல்ல, காருக்கு டாக்டரா நீ?" என்றீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது என் தவறும்தான். மற்ற கார்களைப் போலவே ஒயரைக் கொடுத்தீர்கள்; புதுப் பெட்டி புகைந்து கருகியது. அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அவளுடைய சாப்பாடு இன்னும் மேசைமேல் மூடியே இருக்கிறது. கருகியதற்குப் பதிலாக மெக்கானிக் இன்று வேறு இக்னிஷன் பெட்டி கொண்டுவருவார்.

பி.கு.: நாம் மேடையில் முழங்கும் ஆண்-பெண் சமத்துவம் வாசலில் செருப்போடு கழன்றுவிடலாகாது. அவளை எழுப்புங்கள். ஸ்பேனரை அவள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் டார்ச் பிடியுங்கள்!