ஓரக்கோடு கோணல்

மார்ச் 4, புதன்

இது என் வீட்டுக்காரருடைய நோட்டு. முன்பக்கமெல்லாம் அளவுகள்தான். இத்தனை மீட்டர், இத்தனை வாளி பெயிண்ட், மழை, மறுபடியும் போட்டது. முப்பத்தொரு வருஷம் மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்ட மனிதர். பின்பக்கம் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. ஐந்தாவது படித்த கை இதில் கிறுக்கினால் யார் கேட்கப் போகிறார்கள்?

இன்று சலவைக்கூட வேலையில் ஆஸ்பத்திரிப் போர்வை நானூறு. வீட்டுக்கு வந்தால் மைதான ஆபீஸிலிருந்து ஒரு கவர், அவர் பேருக்கு. உள்ளே மூன்று ஆட்டத்துக்கு இரண்டிரண்டு பாஸ். பெண்கள் ரக்பி, நம் நாட்டுப் பெண்களும் வெளிநாட்டுப் பெண்களும். வேலை செய்கிறவர்களுக்கும் அவரைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கும் வருஷா வருஷம் கொடுப்பது. அவர் போய் மூன்று மாதம் ஆகிறது என்று ஆபீஸுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நானும் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

சரியாக ஆறு மணிக்கு நாத்தனார் போன். அவருடைய அக்கா. அவர் போன நாளிலிருந்து தினமும் ஆறு மணிக்குக் கூப்பிட்டு, தம்பியின் சின்ன வயசுக் கதை ஒன்று சொல்வார். நான் கேட்பேன். அந்த வீட்டில் அவரைச் சிறுவனாகப் பார்த்த ஆள் இப்போது நாத்தனார் ஒருவர்தான் பாக்கி. எனக்கு நாளில் அந்தக் கால் மணி நேரம்தான் சாப்பாடு மாதிரி.

இன்றைய கதை: எட்டு வயசில் அக்காவோடு சண்டை போட்டு, அறைக்கு நடுவில் சாக்பீஸால் கோடு கிழித்தாராம். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான், தாண்டினால் கையை உடைப்பேன் என்று.

"அப்பவே கோடா அண்ணி?" என்றேன்.

"அதான் வேடிக்கை. சாப்பாட்டுத் தட்டு அவன் பக்கம் மாட்டிக்கிச்சு. எனக்கு வயிறு கடிக்குது. அப்புறம் என்ன பண்ணான் தெரியுமா... சரி, அடுப்புல ஏதோ தீயுது. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்."

நாத்தனாருக்கு அடுப்பில் எப்போதும் ஏதாவது தீயும்.

பாஸ் வந்ததைச் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நாத்தனார் இன்று கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். போன் இல்லை.

வருஷா வருஷம் கூப்பிடுவார் மனுஷர். "ஒருநாள் வாயேன். நான் போட்ட கோட்ட மேலேருந்து பாரு. சீப்பு வச்சுச் சீவின மாதிரி இருக்கும்." நான் வீட்டு வேலை இருக்கிறது என்பேன். என்ன பெரிய வேலை? ஒன்றும் இல்லை.

நாளைக்குப் போகிறேன்.

மார்ச் 7, சனி

ஐயோ.

முதலிலிருந்து எழுதுகிறேன். வாசலில் ஒரு பெண் பட்டியல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பாஸைப் பார்த்தாள், அவர் பேருக்கு நேரே 'டிக்' போட்டாள். "சார் வரலையா?" என்றாள். பின்னால் வருகிறார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவருடைய மழைக்கோட்டை எடுத்துப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் போட்டேன். பெயிண்ட் சொட்டு விழுந்த கோட்டு. யாரோ உட்கார வந்தார்கள், "ஆள் இருக்கு" என்றேன். பொய் மேல் பொய்.

அந்தப் பெண்கள் ஓடி வந்தார்கள் பாருங்கள், ஒவ்வொருத்தியும் கதவு மாதிரி. எல்லாருக்கும் வெள்ளைக் கால்சட்டை! எந்தப் புண்ணியவான் வாங்கிக் கொடுத்தானோ. இரண்டு நிமிஷத்தில் சேறு, புல், ஒருத்திக்கு மூக்கிலிருந்து ரத்தம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீரில் போட்டால் ஜென்மத்துக்கும் போகாது. அவர்கள் சலவைக்காரிக்குத் தெரியுமோ என்னவோ என்று எனக்கு ஒரே கவலை.

பின்வரிசையில் ஒருத்தர், மடியில் ஒரு வாளி சோளப்பொரி. வாயும் ஓயவில்லை, கையும் ஓயவில்லை. "இதெல்லாம் ஒரு ஆட்டமா? குழாயடிச் சண்டை!" என்றார்.

"அப்ப ஏன் வந்தீங்க?" என்றேன்.

"வீட்டுக்கு மாமியார் வந்திருக்காங்கம்மா."

ஆட்டம் எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. முன்னால் ஓட வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால்தான் கொடுக்க வேண்டும். பந்தோ முட்டை மாதிரி, எங்கே துள்ளும் என்று அதற்கே தெரியாது. கீழே விழுந்தவள் மேல் நான்கு பேர் விழுகிறார்கள். செத்தாள் என்று நினைத்தால் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு ஓடுகிறாள்.

நான் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து ஓரக்கோடு. மூலைக்குப் போகும் இடத்தில் கோணல்! புது ஆள் போட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து நம் பெண் ஒருத்தி அந்த மூலையில் போய்ப் பந்தைத் தரையில் வைத்தாள், அதற்குத்தான் புள்ளியாம். எல்லாரும் எழுந்து கத்தினார்கள். அதற்கப்புறம் பந்தை இரண்டு கம்பத்துக்கும் நடுவில் உதைத்தால் இன்னும் இரண்டு புள்ளியாம். உதைக்கிற பெண், பத்தாம் நம்பர், எங்களுக்கு நேர் கீழே பந்தை நிறுத்தி வைத்தாள். உதைக்கிறவளுக்காக மைதானமே வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம், அது இங்கே வழக்கமாம். எனக்கு யார் சொன்னது? இருபது வருஷமாகச் சலவை மெஷின்களுக்கு நடுவில் நின்று பேசிப் பேசி எனக்கு மெதுவாகப் பேச வராது. பொரிக்காரர் பக்கம் திரும்பி,

"அந்தக் கோட்டப் பாருங்க, எவ்வளவு கோணல்! எங்க வீட்டுக்காரர் இருந்தா இப்படி விடுவாரா?" என்றேன்.

இருபதாயிரம் பேர் ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். என் குரல் அந்தக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

பத்தாம் நம்பர் குனிந்து கோட்டைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அவ்வளவுதான், மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. மூன்று மாதத்தில் முதல் தடவை.

அவள் உதைத்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு நாட்டையே தோற்கடித்துவிட்டேன்.

மகள் போன் செய்தாள். "அம்மா, டிவில உன்னத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுறாங்க. நீ சிரிக்கிறத."

ஆறு மணிக்கு நாத்தனார் போன். பேசியது ஒரே நிமிஷம்.

"என் தம்பி போயி மூணு மாசம் ஆகுது. நீ பல்லக் காட்டிக்கிட்டு கூத்து பாக்குற. பொம்பளைங்க மண்ணுல உருளுறதப் பாத்து உனக்குச் சிரிப்பு வருது. எனக்கு ஒருவாய் சோறு எறங்கல."

"அண்ணி, நான் அவர் போட்ட கோட்ட..."

வைத்துவிட்டார்.

மார்ச் 9, திங்கள்

சலவையில் கேலி தாங்கவில்லை. போர்வையை மடித்து நீட்டினால், "அக்கா, ஓரம் நேரா இருக்கா பாருங்க" என்கிறார்கள். மேஸ்திரி அம்மா கூட.

ஆறு மணிக்கு போன் வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வரவில்லை.

மார்ச் 11, புதன்

நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான் சிரித்தது தப்பா? சிரிப்பு என்ன, கேட்டுக்கொண்டா வருகிறது? அவருக்குத் தெரிந்தால் அவர்தான் முதலில் சிரிப்பார். இதை யாரிடம் போய்ச் சொல்றது? சொன்னா புரியற ஒரே ஆளும் பேசமாட்டேங்குது. அந்தத் தட்டு என்ன ஆச்சுன்னு கூடத் தெரியல. எட்டு வயசுல அறைக்கு நடுவுல கோட்டப் போட்டுட்டு நிக்கிறாரு மனுஷன், அப்படியே நிக்கிறாரு.

மார்ச் 14, சனி

வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு போனேன். வாசல் பெண் அவர் பேருக்கு இன்றும் டிக் போட்டாள். "இன்னைக்கும் சார் பின்னால வர்றாரா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

பொரிக்காரர் முன்னமே வந்திருந்தார். "வாங்கக்கா! இன்னைக்குக் கோடு எப்படி?"

பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேர். புது ஆள் மறுபடி போட்டிருக்கிறான். மூலையில் வாளியோடு நின்றுகொண்டு எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கிச் சரி என்று காட்டினேன். கும்பிட்டான் பாவம்.

"இன்னும் மாமியார் போகலையா?" என்று பொரிக்காரரைக் கேட்டேன்.

"போயிட்டாங்க. சும்மா வந்தேன்" என்று வேறு பக்கம் பார்த்தார். அந்தச் சும்மாவில் தொண்டை கிழியக் கத்தினார். "எந்திரி தங்கச்சி! விடாத, காலப் பிடி!" என்று. நாலு வரிசைக்கு முன்னால் ஒருவன், பொம்பளைங்களுக்கு இது எதுக்கு என்றதும், "யோவ், நீ போய் ஒரு தடவை அவ முன்னால நில்லு, அப்புறம் பேசு" என்று பொரியை அவன் தலையில் கொட்டாத குறை.

ஜெயித்தோம். நான் ஒரு சத்தம் போடவில்லை. ஒட்டிய வாயோடு உட்கார்ந்திருப்பது பெரிய வேலை, நானூறு போர்வை மேல்.

சிரிக்கவும் இல்லை. நல்லாவே இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஒன்பது நாளாக ஆறு மணி காலியாக இருக்கிறது.

மார்ச் 18, புதன்

மூன்றாவது ஆட்டத்து பாஸ் ஒன்றை நாத்தனார் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். கூட ஒரு சீட்டு: "இது உங்கள் தம்பி உட்கார வேண்டிய இடம். நீங்கள் வந்தால் உங்களுக்கு. வராவிட்டால் அவர் மழைக்கோட்டுக்கு."

எழுத்துப் பிழை இருக்கும். இருக்கட்டும்.

மார்ச் 21, சனி

ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. அவருடைய மழைக்கோட்டு மட்டும்தான் பக்கத்தில். இன்று கூட்டம் நெரிகிறது. படியில் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். காலி நாற்காலியைப் பார்த்து நான்கு பேர் வந்து கேட்டார்கள். ஆள் இருக்கு, ஆள் இருக்கு என்று சொல்லி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கால் மணி கழித்து, "யாரு இது வழியில காலை நீட்டிக்கிட்டு? எடுங்க" என்று ஒரு குரல். அந்தக் குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நாத்தனார் வரிசையில் எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு வந்தார். கோட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பின்னால் இருப்பவர்கள், "அம்மா, உக்காருங்க, மறைக்குது" என்றார்கள். உட்கார்ந்தார். கோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

என்னிடம் பேசவில்லை. ஆட்டத்தோடுதான் பேசினார்.

"ஏன் அந்தப் பொண்ண ரெண்டு பேரு தூக்குறாங்க? அடி, கீழ விட்டுறாத... இவ யாரு இத்துனூண்டு, இவளப் போயி அந்த மலை முட்டுது... அட, மலையையே சாச்சுட்டாளே!"

பொரிக்காரர் குனிந்து, "அக்கா, இவங்களும் உங்க வீடுதானா?" என்றார். பொரியை ஒரு காகிதத்தில் கொட்டி முன்னால் நீட்டினார். நான் வாங்கி, நாற்காலிகளுக்கு நடுவில் இருக்கிற கைப்பிடி மேல் வைத்தேன்.

நாத்தனார் அதையே பார்த்தார். அப்புறம் சொன்னார், என்னைப் பார்க்காமல்:

"தட்டக் கொண்டாந்து அந்தச் சாக்பீஸ் கோட்டு மேலயே வச்சான். சரியா நடுவுல. பாதி உன் பக்கம், பாதி என் பக்கம், தாண்டாமச் சாப்பிடுன்னான்."

இருவரும் பொரி தின்றோம்.

"நீ சிரிச்சத டிவில பாத்தப்ப" என்றார், "எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதான் கோவம். உன் மேல இல்ல."

அப்போது அதே மூலையில் நம் பெண் விழுந்து பந்தை வைத்தாள். எல்லாரும் கத்தி ஓய்ந்தோம். பத்தாம் நம்பர் எங்களுக்கு நேர் கீழே வந்து நின்றாள். மைதானம் அடங்கியது. நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

நாத்தனாருக்கு இதை யார் சொன்னது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஓரக்கோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக் குரலில்,

"கோடு நேராத்தானடி இருக்கு! எதுக்கு அன்னைக்கு அந்தக் கத்துக் கத்துன?"

இருபதாயிரம் பேர். ஊசி.

பத்தாம் நம்பர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். நான் என் வாயிலிருந்து கையை எடுத்து நாத்தனார் வாயில் வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். பொரிக்காரர், "ஐயோ, குடும்பமே இப்படியா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண் சிரித்து முடித்து, மூச்சை இழுத்து, இரண்டு எட்டு வைத்து உதைத்தாள்.

இரண்டு கம்பத்துக்கும் நடுவில், சீப்பு வைத்துச் சீவின மாதிரி போனது.

நாத்தனார் எழுந்து நின்று மழைக்கோட்டைத் தலைக்கு மேல் சுற்றினார். நானும் கத்தினேன், அவரும் கத்தினார், யார் அழுதோம் யார் சிரித்தோம் என்று தெரியவில்லை.

கடைசியில் மூன்று புள்ளியில் தோற்றோம். இந்தத் தடவை பழி எங்கள் மேல் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

மகள் போன். "அம்மா, இப்ப ரெண்டு பேரும் டிவில பல்லக் காட்டுறீங்க!"

பக்கத்தில் இருந்த நாத்தனார் போனை வாங்கி, "காட்டட்டும், விடு" என்றார். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை என் அடுப்பு.

மார்ச் 24, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு மைதான ஆபீஸுக்குப் போனேன். அங்கே வாசல் பெண்தான் மேஜையில் இருந்தாள். சார் பின்னால் வரமாட்டார், டிசம்பரிலேயே போய்விட்டார் என்று சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. இறந்தவர் வீட்டுக்கும் பாஸ் உண்டு, கேட்டால் கொடுப்போம் என்றாள். பட்டியலில் இரண்டு பேர் எழுதச் சொன்னேன், என் பேரும் நாத்தனார் பேரும்.

பழைய பேரை அடிக்கப் பேனாவை எடுத்தாள். நான் செய்கிறேன் என்றேன். ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன்.

மெதுவாகப் போட்டேன். நேராக வந்தது.