பங்குக் கிணற்றில் வைத்த மிசின்

அப்பா,

நேற்றுக் காலை வேலைக்குப் போகும் வழியில், வியா மக்வேதாத் தெருவில் ஒரு கடையின் நிலவறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்திருந்தது. வாசலில் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் புகை மூக்கில் ஏறியதும் நான் நின்றுவிட்டேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனார்கள். எனக்கு அது நீங்கள் வேலை முடித்து வந்து என்னைத் தூக்கும்போது உங்கள் சாரத்தில் அடித்த மணம்.

நீங்கள் எங்கள் பங்குக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசின் கொண்டுவந்த நாளில் நான் சின்னப்பிள்ளை. அதற்கு முந்திய வருடம் வரை துலாதான். சித்தப்பா துலா மரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், நீங்கள் கீழே நின்று தண்ணீரோடு மேலே வரும் பட்டையைப் பிடித்து ஊற்றுவீர்கள், அம்மா வாய்க்காலில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவா. விடியத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை மூன்று பேருக்கும் அதுதான் வேலை. ஒருநாள் பனி ஈரத்தில் சித்தப்பாவின் கால் வழுக்கியது. அன்றைக்கு உடைந்த இடுப்பு பிறகு நேராகவேயில்லை. அவர் கட்டிலில் கிடந்தபோதுதான் நீங்கள் மிசின் வாங்குவதென்று முடிவெடுத்தீர்கள்.

அது ஒரு பெரிய சந்தோசம், அப்பா. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கயிற்றைச் சுற்றி நீங்கள் இழுக்க, மிசின் இருமி இருமிப் பிடித்து, குழாயால் தண்ணீர் பாய்ந்ததும் அம்மா கைகொட்டிச் சிரித்தா. மூன்று பேர் பாதி நாள் செய்த வேலையை நீங்கள் தனியே செய்து முடித்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்க வந்து இருந்தீர்கள். அடுத்த போகம் இன்னொரு துண்டு நிலத்திலும் வெங்காயம் வைத்தோம்.

ஆனால் கிணறு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் இறைப்பு முறைக்கு அடுத்த முறை துரை மாமாவுடையது. உங்களோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர், கலியாணத்தில் உங்களுக்குத் தோழனாக நின்றவர். துலா இறைத்த காலத்தில் எடுக்க எடுக்கக் கிணறு ஊறிக்கொண்டிருக்கும். மிசின் அதை அடிவரை உறிஞ்சியது. அவருடைய முறைக்குச் சேறுதான் மிஞ்சியது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"நீ இறைச்சு முடிய எனக்கென்ன கிடக்கு? என்ரை பயிர் கருகுது."

"மிசின் எண்டால் தண்ணி எடுக்குந்தானே. நீயும் ஒண்டு வாங்கன்."

வாங்க அவருக்கு வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் போகம் அவருடைய வெங்காயம் அழிந்தது. அவர் பங்கை விற்றுவிட்டு வன்னிக்குப் போய்விட்டார். பிறகு நாட்டில் நடந்ததெல்லாம் நடந்து, நாங்களும் அவரும் வேறுவேறு வழியால் இத்தாலியில் இதே பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தோம். அவர் சீசா என்ற பகுதியில், நாங்கள் ஸ்தாசியோனே, ரயில் நிலையப் பக்கம். கோயிலில் அவர் ஒரு கரையில் நிற்பார், நீங்கள் மற்றக் கரையில். இரண்டு பேரின் தலையும் நரைத்தது. கதை பேச்சு மட்டும் இல்லை.

நீங்கள் வீட்டு வேலை செய்த சிஞ்ஞோராவின் தம்பிக்கு நகருக்கு வெளியே எலுமிச்சைத் தோட்டம் இருந்ததால்தான் அது மாறியது. வேலையை விட்ட பிறகு பொழுது போகாமல் அங்கே போகத் தொடங்கினீர்கள். ஒருநாள் நானும் வந்தேன். அந்தச் சிஞ்ஞோர் எங்களை ஒரு கல் அறைக்குள் கூட்டிப்போய், துருப்பிடித்த நீராவி எஞ்சின் ஒன்றைக் காட்டினார். அவருடைய பூட்டன் வைத்ததாம். அதற்கு முன்பு கோவேறு கழுதை ஒன்று நாள் முழுக்கச் சக்கரத்தைச் சுற்றித்தான் தண்ணீர் மேலே வந்ததாம். எஞ்சின் வந்ததும் தரிசாய்க் கிடந்த நிலமெல்லாம் எலுமிச்சை ஆனது. பழம் கப்பல் கப்பலாகப் போனது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றிப்போனது. இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தின.

அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தண்ணி இல்லாமல் போனவன் என்ன செய்தவன் எண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். அமெரிக்காவுக்குக் கப்பலேறினான் என்றார் அவர். திரும்பி வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது நீங்கள் வெளியே பார்த்தபடியே சொன்னீர்கள். "மிசினை நான் குறை சொல்லமாட்டன். ஆனா கிணறு பழைய கிணறு, முறையும் பழைய முறை. மிசின் மட்டும் புதுசு. அதை வைக்க முந்தி நாங்கள் ரண்டுபேரும் இருந்து கதைச்சிருக்கோணும்."

அடுத்தநாள் சீசாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னீர்கள். துரை மாமாதான் கதவைத் திறந்தார். உங்களைப் பார்த்துவிட்டு வாசலை விட்டு அசையவில்லை.

"துரை, உன்னட்டை ஒரு கதை சொல்ல வந்தனான்."

"இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்றார். பிறகு விலகி நின்றார். "சரி, உள்ளை வா."

நீங்கள் அந்த எலுமிச்சைத் தோட்டத்துக் கதையைச் சொன்னீர்கள்.

"என்ரை வெங்காயம் எப்பிடிக் கிடந்தது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். வேலிக்குப் பின்னாலை நிண்டு பார்த்தனான்."

"பார்த்திட்டு ஏன் வரேல்லை?"

"வந்தால் மிசினை நிப்பாட்டச் சொல்லுவாய். நிப்பாட்டினால் திரும்ப ஆரையோ துலாவிலை ஏத்தோணும். என்ரை தம்பி விழுந்த சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது, துரை."

"அவன் என்ரை கண்ணுக்கு முன்னாலைதானே விழுந்தவன்," என்றார் துரை மாமா. பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "அமெரிக்கா போனவன் கெட்டிக்காரன். நான் பாவி, உனக்குப் பின்னாலை பலெர்மோவுக்கு வந்திட்டன்," என்றார். முதலில் சிரித்தது நீங்கள்தான். கண்ணைத் துடைத்ததும் நீங்கள்தான்.

அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே தோட்டத்துக்குப் போனீர்கள். சிஞ்ஞோர் ஒரு மூலையை உங்களுக்கு விட்டார். மிளகாயும் வெங்காயமும் வைத்தீர்கள். இப்போது அங்கே கரண்ட் மோட்டார், சுவிட்சைத் தட்டினால் போதும். ஆனால் நீங்கள் கொஞ்ச நேரம் இறைத்துவிட்டு நிறுத்துவீர்கள். கிணறு ஊறும்வரை கிணற்றுக்கட்டிலே இருந்து, விட்டுப்போன வருடங்களின் கதையையெல்லாம் கதைப்பீர்கள். நான் கூப்பிட்டாலும் எழும்பமாட்டீர்கள்.

நீங்கள் போய் ஒரு வெங்காயப் போகம் முடிந்துவிட்டது, அப்பா. சாம்பல் கரைக்கும்போது துரை மாமா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன். அவரால் இப்போது குனிய முடியாது. கதிரையில் இருந்துகொண்டு, பாத்தியில் தண்ணீர் எங்கே மாறவேண்டும் என்று கையைக் காட்டுவார்.

போன கிழமை மோட்டாரைப் போட்டுவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பாத்தியில் பாதி இன்னும் காய்ந்தே கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் மரங்களுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கிணற்றுக்கும் இதே ஊற்றுத்தான்.

யாரும் சொல்லாமலே நான் சுவிட்சை அணைத்தேன். துரை மாமா என்னைப் பார்த்தார், தன் கதிரையைச் சற்றே தள்ளி எனக்கு நிழல் விட்டார். மதிலருகே போய், எப்போது இறைக்கப்போகிறீர்கள் என்று அந்த மனிதரைக் கேட்டுவிட்டு வந்து, அந்த நிழலில் இருந்தேன்.