துவைத்துக் கொடுத்த பாராசூட்

கோவில்பட்டி
மார்ச் 16

அன்புள்ள சக்திகுமாருக்கு,

அன்று உன் அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல்: துவைக்காதீங்க. அதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும் போலிருக்கிறது.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ வேலை பார்க்கும் ஓமன் சலாலா துறைமுகத்தில் இப்போதே வெயில் ஏறியிருக்கும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ அந்த நிமிடமே "சரி, விடு ஆஸ்லின்" என்று எதையாவது சொல்லி முடித்துவிடுவாய். இது நீ வைத்திருந்து யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் கடிதம், சீக்கிரம் சேரட்டும் என்று கூரியரில்.

கல்லூரியில், இரண்டாம் வருஷ இயற்பியல் வகுப்பில், நீ ஒருமுறை எழுந்து நின்று, எங்கள் வீட்டில் மிளகாய் காயப்போடுவது வானத்திலிருந்து விழுந்த துணியில் என்று சொன்னாய். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ வகுப்பில் வாய் திறக்கவில்லை.

இப்போது நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகம் சிறியது. நம் நாட்டின் ஆரம்பகால விண்வெளி ஆய்வுக் கருவிகளைத் தேடிப் பிடித்துக் காப்பதுதான் வேலை. பாதிப் பொருள்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகும் வழியில் மீட்டவை. அவற்றில் ஓர் அலுமினியப் பெட்டி உண்டு. எண்பத்து நாலில் ஒரு பெரிய பலூன் அதைப் பகலிலும் வானம் கறுத்துத் தெரியும் உயரத்துக்குத் தூக்கிப் போனது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களை எண்ணி முடித்துவிட்டு அது பாராசூட்டில் இறங்கியது, நாகலாபுரத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில். பெட்டியின் கீழே ஓர் அட்டை. அதில் கடைசி வரி, "பாராசூட் கிடைக்கவில்லை." அந்த வரியைப் படித்ததும் உன் வகுப்புக் கதை நினைவுக்கு வந்தது. அன்று சிரித்தது சுட்டது.

போன மாதம் உங்கள் ஊருக்குப் போய் இறங்கினேன். களத்தில் அம்மா குனிந்து, அந்தத் துணியில் காயும் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு சுடலைச்செல்வி அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இது சக்திகுமாருக்குப் பார்த்திருக்கிற பிள்ளையா என்று அம்மாவிடம் கேட்டார்கள். மியூசியத்திலிருந்து வந்த பிள்ளை, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் என்று அம்மா சொன்னார்கள். நான் வத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துணியின் கதையை அம்மாதான் சொன்னார்கள். பெட்டியைத் தேடி ஜீப்பில் வந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பாராசூட்டைக் காற்று அதற்கு முன்பே அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு வாரம் கழித்துக் கண்மாய்க் கரை உடைமரத்தில் அது மாட்டிக் கிடந்ததை உன் அப்பா பார்த்திருக்கிறார். அப்போது அவர் இளவட்டம். முள்ளில் கிழிந்தது போக முக்கால் பங்கு தேறியது. தார்ப்பாயில் போட்டால் வத்தல் வேர்க்கும், இதில் வேர்க்காது என்று கண்டுபிடித்ததும் அவர்தானாம். வருஷத்தில் மூன்று வாரம் மிளகாய், மீதி நாளெல்லாம் மடித்துத் தகரப்பெட்டியில். உன் அப்பா இறந்த பிறகும் அந்த ஒழுங்கு மாறவில்லை. நாங்கள் அருங்காட்சியகத்தில் பின்பற்றும் விதிகளில் பாதியை அந்த வீடு யாரும் சொல்லாமலே பின்பற்றியிருக்கிறது.

வத்தலை ஒதுக்கிக் காட்டச் சொன்னேன். ஓரத் தையல் பக்கத்தில் ஊதா மையில் ஏதோ அச்சடித்திருந்தது. இரண்டு இலக்கங்கள் தெரிந்தன. பெட்டியின் எண்ணில் வருகிற அதே இரண்டு. போனில் எடுத்த படத்தில் மிளகாய்ச் சிவப்பு மட்டும்தான் விழுந்திருக்கிறது. பரவாயில்லை, துணி வந்ததும் நிபுணரைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொடுப்பது பற்றி உன்னிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று அம்மா சொன்னார்கள். இன்னும் தருவதாகவே சொல்லாதவர்களிடம் "துவைக்காதீங்க" என்று சொன்னால், எடுத்துக்கொண்டு போகவே வந்தவள் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. பேசாமல் பஸ் ஏறினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "குடுத்துருங்கம்மா" என்று சொன்னாயாம். அவ்வளவுதான். மறுநாளே சோடா உப்பு போட்டு வெந்நீரில் ஊற வைத்து, இரண்டு தண்ணீர் அலசி, சொட்டு நீலமும் போட்டிருக்கிறார்கள். நான் மறுபடி போனபோது துணி வீட்டுக்குள் கொடியில் தொங்கியது. இப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. ஊதா மை இருந்த இடத்தை விரலால் தடவித் தேடினேன். ஒன்றும் இல்லை.

என் முகம் மாறியிருக்க வேண்டும். அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்கள்:

"அழுக்கோட குடுக்க முடியுமாட்டி? நாளைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, நாகலாபுரத்துக்காரி துவைக்காமக் குடுத்தான்னு எழுதிப் போட்டுருவாவ."

யாருக்கு எதைக் கொடுத்தாலும் துவைத்துக் கொடுக்கிற வீடு அது. அவர்களுக்கு அது மரியாதை. நிலவில் மனிதர்கள் இறங்கிய இடங்களை, விட்டுவந்த கருவிகளை, பூட்ஸ் தடங்களை யாரும் கலைக்காமல் காக்க வேண்டும் என்று நாடுகள் கூடிப் பேசுவதைப் பற்றிச் சமீபத்தில் நிறையப் படித்தேன். அங்கே காற்று இல்லை, மழை இல்லை, தடம் அப்படியே கிடக்கும். அங்கே உன் அம்மா முத்துமாரியம்மாளும் இல்லை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

ஆனால் உங்கள் வீட்டில் அழவில்லை. கண்ணில் நீர் முட்டியதை மறைக்க மேலே கூரையைப் பார்ப்பது போல் நிமிர்ந்தேன். அப்போதுதான் விட்டத்தில் சுற்றிக் கிடந்த கயிற்றைப் பார்த்தேன். பிரிந்திருந்த நுனியில் வெள்ளைக்கு நடுவே ஒரு நீல இழை. நான் வாரம் தவறாமல் தூசி தட்டும் அந்தப் பெட்டியின் வளையத்தில் அறுந்த கயிற்றுத் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்குள்ளும் இதே நீல இழைதான் ஓடுகிறது.

என்ன கயிறு என்று கேட்டேன். பாராசூட்டின் கயிறுகளைச் சேர்த்து உன் அப்பா முறுக்கிய தொட்டில் கயிறாம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து நீ பிறந்தபோது கட்டியது. நீ நடக்கத் தொடங்கிய பிறகும் அவிழ்க்கவில்லை, மேலே சுற்றி வைத்துவிட்டார்கள். இவ்வளவு காலமா என்று கேட்டதற்கு அம்மா சொன்னது:

"அவனுக்கு ஒரு பிள்ளை பொறந்தா நான் எங்கன போயிக் கயிறு தேட?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தக் கயிறும் எங்களுக்கு வேண்டும் என்பது நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது விஷயம்.

எங்கள் பொறுப்பாளர் யோகராஜ் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். துவைத்த கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. எண் இல்லாமல் இதை ஒரு பழைய பாராசூட் என்று வைக்கலாம், அந்தப் பெட்டியின் பாராசூட் என்று வைக்க முடியாது என்றார். கயிறு கிடைத்தால் கதை வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே முறுக்கு, ஒரே இழை என்று நிரூபித்துவிடலாம். மாதக் கடைசியில் குழு கூடுகிறது. அதற்குள் சான்று வராவிட்டால் துணி கிடங்குக்குப் போகும், அட்டையின் கடைசி வரி அப்படியே இருக்கும். நாற்பது வருஷம் ஒரு வீடு காப்பாற்றியதை ஒரு கிடங்கில் நாங்கள் தொலைக்கப் போகிறோம்.

என்னால் அந்தக் கயிற்றை அம்மாவிடம் கேட்க முடியாது, சக்தி. நீதான் அவர்களிடம் பேச வேண்டும். கொடுக்க வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று நினைக்கிற ஒரு மனமும் எனக்குள் இருக்கிறது. ஏன் என்று மட்டும் கேட்காதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகியிருக்கிறது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். இந்த வருஷம் மிளகாய் நல்ல நிறம். உன் லீவு எப்போது என்று சுடலைச்செல்வி அக்கா கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கர்த்தர் உன்னைக் காப்பாராக. யோசித்துப் பதில் சொல்.

இப்படிக்கு,
ஆஸ்லின்


கோவில்பட்டி
ஏப்ரல் 6

அன்புள்ள சக்திகுமாருக்கு,

உன் பதில் எனக்கு நேராக வரவில்லை. அம்மா வழியாகத்தான் வந்தது. உடனே வரச் சொல்லி அவர்களே போன் செய்தார்கள். பயந்துகொண்டே போனேன்.

களத்தில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. வத்தல் வேர்க்கிறது என்று என்னைப் பார்த்ததும் புகார். ஓலைப்பாயில் மாற்றிப் போடச் சொன்னேன். இருக்கிற பாய் கிழிந்தால் நீயா வந்து முடைவாய் என்றார்கள். முடையத் தெரியாது, மாற்றிப் போடத் தெரியும் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அள்ளிப் போட்டோம். கை எரிந்தது. தும்மித் தும்மி எனக்குக் கண் சிவந்துவிட்டது. அம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை.

பிறகு உள்ளே கூட்டிப் போனார்கள். நீ போனில் சொன்னதை எழுத்துக்கு எழுத்து ஒப்பித்தார்கள். "கயிறு விஷயத்துல ஆஸ்லின் என்ன சொல்லுதாளோ, அதச் செய்யிங்க" என்று சொன்னாயாம். இப்படிச் செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன்னைக் கேட்கச் சொன்னால் என்னையே கேட்க வைத்துவிட்டாய்.

அம்மா என் எதிரே உட்கார்ந்து, "சரிட்டி, நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்கள்.

பெட்டியைப் பற்றி, குழுவைப் பற்றி, நாளைக்கு அதைப் பார்க்க வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் சொல்ல என்னிடம் நல்ல வாக்கியங்கள் இருந்தன. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. விட்டத்தையும் பார்க்க முடியவில்லை, அம்மாவையும் பார்க்க முடியவில்லை. அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தில் என்ன படித்தார்களோ, சிரித்துக்கொண்டே எழுந்து அரிவாளை எடுத்து வந்தார்கள். முழங்கால் வலியோடு என்னால் ஸ்டூலில் ஏற முடியாது, நீ ஏறுட்டி என்றார்கள். நான் ஏறிக் கயிற்றின் நுனியை இறக்கிப் பிடித்தேன். அம்மா ஒரு முழம் அளந்து அறுத்தார்கள்.

"இது போதும்லா அவியளுக்கு? மிச்சம் அங்கனயே கெடக்கட்டும். வேண்டியிருக்கும்."

வேண்டியிருக்கும் என்று சொல்லும்போது அம்மா கயிற்றைப் பார்க்கவில்லை.

ஆறு வருஷமாக உன்னிடம் நான் எழுதாமல் விட்டவை நிறைய. இந்தக் கடிதத்திலும் அவற்றை எழுதப் போவதில்லை. லீவு கேள். கிடைக்காவிட்டால் மறுபடியும் கேள். வரும்போது அம்மாவுக்கு முழங்காலுக்குத் தடவும் தைலம் வாங்கி வா. எனக்கு ஒன்றும் வேண்டாம், நீ வந்தால் போதும்.

குழு கூடிவிட்டது. கயிறும் கயிறும் பொருந்தின. அட்டையின் கடைசி வரியை மாற்றி எழுதிவிட்டோம். துணி வந்த வண்டியில் அம்மாவும் வந்து, அதைப் பெட்டிக்கு மேலே விரித்துக் கட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். மீதிக் கயிறு உங்கள் வீட்டு விட்டத்தில் இருக்கிறது.

ஆஸ்லின்