பன்னிரண்டு காவடிக்கும் ஒருத்தி

சாப்பாட்டு மேசையில் உன் கைப்பேசி இன்னும் சார்ஜில் கிடக்கிறது, டி. காய்ச்சலில் நீ போய் மூன்று மாதமாகிறது. இன்று உங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா, "அவ லைன கட் பண்ணப்போறோம்மா. கோயில் மெசேஜ் எல்லாம் இனிமே எனக்கு வரட்டும்" என்றார்.

தைப்பூசத்தில் எந்தக் காவடியோடு யார் தண்ணீர் கொடுத்து உடன் நடப்பது என்று குறிக்க நாம் இருவரும் எழுதிய கோயில் செயலியை உன் மடிக்கணினியில் திறந்தேன். உன் எண் இருந்த இடத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டு, 'சேமி'யை அழுத்தினேன். உன் பெயரின் கீழிருந்த மூன்று காவடிகளும் மறைந்தன. 'உதவி: எதுவும் இல்லை' என்றது திரை.

"அவ பேரு போயிருச்சா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தேன்.

ஒரு காவடிக்குப் பல உதவியாளர்கள், ஓர் உதவியாளருக்குப் பல காவடிகள். யாருக்கு எது என்பதைத் தனி அட்டவணையில் சோடி சோடியாக வைத்திருந்தோம். எண்ணை மாற்ற நான் செய்த படிவத்தில் காவடிப் பட்டியலே இல்லை. பட்டியல் வராததால் ஒன்றும் வேண்டாம் என்று செயலி முடிவு கட்டி, உன் சோடிகளை அழித்துவிட்டது.

இதே கூத்தைப் போன வருடம் வேண்டுமென்றே ஆரம்பித்தவள் நான். விளையாட்டுக்கு, பன்னிரண்டு காவடிக்கும் உன் பெயரைச் சேர்த்தேன். சேமித்ததும் மற்ற அத்தனை பேரின் பெயரும் பறந்துவிட்டது. கோயில் அங்கிள் உன்னைத் தேடி வந்து, "முருகனுக்குத்தான் பன்னெண்டு கை லா, உனக்கு எத்தன?" என்றார். நீ திட்டவில்லை. வீடு திரும்பும் எல்ஆர்டி ரயிலிலேயே சரிசெய்தபடி சொன்னாய்: "இருக்கறத முதல்ல எடு, அதோட புதுச சேரு. நீ அனுப்புனது மட்டுந்தான் உலகமா?"

அன்றிலிருந்து நான் தொடுவதற்கு முன் நகல் எடுத்து வைப்பாய். அந்தக் கோப்புறையைத் தேடினேன். 'இவ தொடுறதுக்கு முன்னாடி' என்று பெயர் வைத்திருந்தாய். கடைசி நகல், காய்ச்சலுக்கு முந்தைய நாளுடையது. அதிலிருந்து சோடி அட்டவணையை மட்டும் ஏற்றினேன்.

புதிதாகச் சேரும் ஒவ்வொரு சோடிக்கும் செயலி செய்தி அனுப்பும். அம்மாவின் கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. நீ திரும்பிவிட்டாய். பிறகு என்னுடையது அதிர்ந்தது. நிற்கவேயில்லை. எண்ணினேன், பன்னிரண்டு.

அந்த நகலில் மட்டும் பன்னிரண்டு காவடிக்கும் என் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறாய். பழிவாங்க இந்தத் தைப்பூசம்வரை காத்திருக்கலாம் என்று நினைத்தாய் போலிருக்கிறது. நம்ப முடியாமல் ஒவ்வொரு காவடியாகத் திறந்து பார்த்தேன். மற்ற உதவியாளர்கள் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். உன் குறும்பில் ஒருவர் பெயர்கூட விழவில்லை, டி.

அம்மாவிடம் காட்டினேன். மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

என் பெயரை ஒன்றிலிருந்தும் எடுக்கவில்லை. இரண்டு கைதான் இருக்கிறது. காவடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பெரிய பையாக ஒன்று தேக்கா சந்தையில் வாங்கிவிட்டேன்.