மும்முறை கூவிய கணினி

அக்டோபர் 9, 2024

வரும் இருபதாம் நாள் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டிமன்றம். ‘இல்வாழ்வை இனிதாக்குவது மரபா, அறிவா?’ அறிவின் பக்கம் நான் தலைமை. மரபின் பக்கம் ஆராவமுதனார். நான் இடியென முழங்குவேன். அவர் புன்னகைத்தே கவிழ்த்துவிடுவார். ஆகவே ஒரு திங்களாகக் குறிப்புகளைத் தட்டச்சிட்டுக் கணினியில் சேர்த்து வருகிறேன். முப்பது பக்கத்தைத் தாண்டிவிட்டது.

இன்னும் ஒரு கதை வேண்டும். அவையைக் குலுக்கிப் போடும் வீட்டுக்கதை ஒன்று. இதுவரை எனக்கு அக்கதைகளை வழங்கிய வள்ளல் என் கணவர் திருஞானசம்பந்தம். தறியில் பட்டு நெய்பவர். தாம் வழங்குவதை அறியாமலே வழங்கியவர். சென்ற ஆண்டோடு அந்த ஊற்று அடைபட்டது. “தறிக்குக் காய்ச்சல் வந்தால் இவர் எலுமிச்சம்பழம் சுற்றுகிறார். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடச் சொல்கிறார். ஆக, அறிவியல் எனக்கு, அன்பெல்லாம் தறிக்கு!” என்று ஒரு மேடையில் முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. மறுநாள் தேநீர்க் கடையில், “இன்னா சம்பந்தம், தறிக்கு ஜுரம் வுட்டுச்சா?” என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள். இன்றும் கேட்கிறார்கள்.

அன்று முதல் இவர் என் கூட்டங்களுக்கு வருவதில்லை. சினமில்லை, சண்டையுமில்லை. “பாவு போட்டுக்கினு இருக்கேன், நீ போய்ட்டு வா.” ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வேலை.

அக்டோபர் 11

ஆயுத பூசை. எங்களுக்குள் பழைய உடன்படிக்கை ஒன்றுண்டு: பூசை அவருக்கு, பேச்சு எனக்கு. வீட்டிலிருந்து முகம் சுளிப்பதைவிட இந்நாளில் வேற்றூர் சென்று பேசுவது இருவர்க்கும் நலம். இவ்வாண்டு கூரம். அவையோர் பொரியும் கடலையும் கொறித்தபடியே என் பகுத்தறிவுப் பேச்சைக் கேட்டனர். முடித்து இறங்கியதும் எனக்கும் ஒரு பொட்டலம் தந்தனர். தின்றேன். நல்ல பொரி.

மாலை வீடு திரும்பினேன். தறி குளித்து முடித்த முகத்தோடு, சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் ஓய்வில் இருந்தது. இவர் முகத்திலும் ஒரு நிறைவு. எதையோ சொல்ல வந்தார். சொல்லாமல் சுண்டல் கிண்ணத்தை நீட்டினார்.

அக்டோபர் 12

கணினி எழ மறுக்கிறது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது. திரை மட்டும் கருங்கல். பிறகு மும்முறை கூவுகிறது. சற்று ஓய்ந்து, மீண்டும் மும்முறை. இவ்வீட்டில் என்னை எதிர்த்துப் பேசிய முதல் பொருள் இதுதான்.

இதைக் கட்டிக்கொடுத்த இம்தியாசு, கடையைப் பூட்டிவிட்டு அக்காள் மகள் திருமணத்துக்கு ஆம்பூர் சென்றிருக்கிறார். கைபேசியில் பிடித்தேன்.

“மூணு வாட்டி கத்துதாக்கா? அப்ப ராம் தான்.”

“நினைவகம்” என்று திருத்தினேன்.

“நீங்க எப்டிக் கூப்ட்டாலும் அது மூணு வாட்டி தான்கா கத்தும். நாளைக்குக் கூப்புடுங்க, கழட்டிப் பாக்கலாம். இங்க மாப்ள ஊர்வலம் வந்துக்கினு இருக்குது.”

அக்டோபர் 13

அறுவை நாள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியப் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். உடலில் இருக்கும் மின்னூட்டம் போக இரும்புச் சட்டத்தைத் தொட்டேன். பக்கப்பலகையின் திருகாணிகள் ஏனோ முன்பே தளர்ந்திருந்தன. என் படிப்புக் கண்ணாடியைக் காணவில்லை, கைகளே கண்களாயின.

நினைவகம் இரண்டு பட்டைகள். பழையது ஒன்று; ஆவணியில் இம்தியாசு புதிதாகச் சேர்த்தது ஒன்று. இருபுறத் தாழையும் விலக்கியதும் பட்டை எளிதாக எழுந்து வந்தது. பச்சை உடல். கீழ் விளிம்பில் பொன்னிறப் பற்கள், சரிகைக் கரைபோல. அப்பற்களின்மேல் நட்டநடுவில் ஒரு செம்புள்ளி. இரண்டு பட்டையிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில். செய்த ஆலையின் அடையாளம் போலும். நேர்த்தியான வேலை.

பழையதை மட்டும் பொருத்தினேன்: மூன்று கூவல். புதியதை மட்டும்: மூன்று. பொருத்தும் பள்ளத்தை மாற்றிப் பார்த்தேன்: மூன்று.

இம்தியாசு குழம்பிவிட்டார். “ரெண்டும் ஒரே நாள்ல சாவாதுக்கா. யாராச்சும் தெறந்தாங்களா?”

“யார் திறப்பார்? இவர் கணினிப் பக்கமே போகமாட்டார்” என்றேன்.

அருகில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த இவர், பாதிக் குவளையோடு எழுந்து தெருப்பக்கம் போனார். வெயிலில் என்ன வேலையோ.

அக்டோபர் 14

பட்டிமன்றத்துக்கு ஒரு வாரமும் இல்லை. முப்பது பக்கமும் உள்ளே சிறையிருக்கின்றன. பொறுமை இழந்தேன். ஆவணியில் பொருத்திய புதுப்பட்டை போலிச்சரக்கு என்றும், அதுவே பழையதையும் கெடுத்தது என்றும், நம்பிக்கைக்கு இரண்டகம் செய்தவர் என்றும் இம்தியாசை ஒரு மூச்சில் சாடினேன். எதுகை தானாகவே வந்து விழுந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “அக்கா, ஸ்பீக்கர்ல போடல. ஆனா மண்டபமே கேட்டுடுச்சு. நாளைக்கு வரேன்கா.”

வைத்தபின் நெஞ்சு குடைகிறது. என்ன பேச்சு பேசிட்டேன் நான்? பொட்டி கெட்டா மனுசனையும் கெட்டவன்னு சொல்லிடறதா? அவன் குரல்ல கோவமே இல்லையே — கோவம் இருந்தாலாவது தேவலாம். கைதட்ட ஆளில்லாத எடத்துல கூட எனக்கு மேடை வேணுமா?

அக்டோபர் 15

இம்தியாசு வந்தார், ஆம்பூர்ப் பிரியாணிப் பொதியோடு. சாடியவளுக்குப் பிரியாணி. வெட்கமாக இருந்தது, பசியாகவும் இருந்தது.

பட்டையைக் கழற்றி விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். தலையைத் தூக்கி இவரைப் பார்த்தார். இவர் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா?” என்றேன்.

“தூசுக்கா. தறி வூடு இல்ல, பட்டுத் தூசு.”

பள்ளிப்பிள்ளைகளின் வெள்ளை அழிப்பானால் பொன்னிறப் பற்களை மெல்லத் தேய்த்தார். பள்ளங்களைத் தூரிகையால் கூட்டினார். பொருத்தினார்; அழுத்தினார். ஒரே ஒரு கூவல், திரை மலர்ந்தது. முப்பது பக்கமும் உயிரோடிருந்தன.

“இம்தியாசு, நேற்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திரும்பப் பெறுகிறேன். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.”

“எல்லாத்தையும் வாபஸ் வாங்காதீங்கக்கா. ‘இரண்டகம்’ நல்லாருந்துச்சு. இன்னானு தெரியல, ஆனா நல்லாருந்துச்சு.”

தேநீர் போட உள்ளே போனேன். வாசலில் தணிந்த குரல்கள்.

“சொல்லிடாதப்பா. மேடையில ஏத்திடுவா.”

“நா எதுக்குணா சொல்றேன்? அடுத்த வருசம் வெளிய மட்டும் வைங்க. உள்ள வெச்சா அதுக்கு மூச்சு முட்டுது.”

கூடத்துக்கு வந்தேன். மேசைமேல் அழிப்பான் கிடந்தது. அதன் முனை சிவந்திருந்தது. உதிர்ந்த துகள்கள் மஞ்சளாக இருந்தன. எடுத்து முகர்ந்தேன். சந்தனம்.

அந்தச் செம்புள்ளி! ஆலையின் அடையாளம்!

தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தேன். விலா வலிக்கும்வரை சிரித்தேன்.

அக்டோபர் 16

கதை கிடைத்துவிட்டது.

அக்டோபர் 17

கதவைத் தாழிட்டு ஒத்திகை பார்த்தேன். “நினைவகத்துக்குச் சந்தனம் பூசினார். அது இருந்த நினைவையும் இழந்தது. அவையீரே, மரபுக்கு எதிராக இதற்குமேல் நான் வாதாட வேண்டுமா?” இந்த இடத்தில் ஆராவமுதனாரே சிரித்துவிடுவார். தீர்ப்பு என் மடியில்.

இரண்டாம் முறை சொல்லும்போது அடுத்த அறையில் தறியோசை நின்றது. நெடுநேரம் கழித்தே மீண்டும் கேட்டது.

அக்டோபர் 18

பகலுணவின்போது, சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பாராமல் இவரே சொன்னார்.

“நான்தான் வெச்சேன். தறிய அக்கக்காக் கழட்டித் தொடைச்சேன். அது பாவம் பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சு. அதுவும் தெனம் உழைக்குது இல்ல? தறிக்கு மட்டும் வெச்சா ஓரவஞ்சன மாதிரி இருந்துச்சு. அதான் கழட்டித் தொடைச்சேன். உள்ள எது முக்கியம்னு தெரில. தங்கமா மின்னுச்சு, அதுக்கு வெச்சேன்.”

என் கண்ணாடியும் அவரிடம்தான் இருந்ததாம். சிறு திருகாணி கண்ணுக்குத் தெரியவில்லையென்று போட்டுக்கொண்டாராம்.

அவர் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தேன்.

“ஞாயித்துக்கெழம நான் வரேன்” என்றார். “சொல்றதுன்னா சொல்லிக்கோ. நீ சொல்றப்ப நான் அங்க இல்லாம, மறுநாள் டீக்கடைல கேக்கறதுதான் ஒரு மாதிரி இருக்குது.”

ஓராண்டாக இவர் வராததற்கு நான் கண்ட காரணமெல்லாம் தவறு. இவரைத் துரத்தியது கேலி இல்லை. நான் இவரை ஒருமுறையும் கேட்காமலே கதையை எடுத்துக்கொண்டதுதான்.

அக்டோபர் 19

கதையைத் தட்டச்சிட்டேன். அழித்தேன். மீண்டும் தட்டச்சிட்டேன். கணினிக்கு என்மேல் ஐயமே வந்திருக்கும்.

அக்டோபர் 20

மூன்றாம் வரிசையில் இவர், தேய்த்த வெள்ளைச் சட்டையில். அருகில் இம்தியாசு. இவர் சொல்லி அவருக்குத் தெரியும், என்ன வரப்போகிறதென்று; முன்னதாகவே சிரிக்க அணியமாக உட்கார்ந்திருந்தார்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். கதைக்குரிய இடமும் வந்தது. “என் இல்லத்தில் ஒரு கணினி உண்டு” என்று தொடங்கி நிறுத்தினேன். அவை முன்னால் சாய்ந்தது. இவர் இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, ஊசிக்குக் கை நீட்டியவரைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கைகளைப் பார்த்தேன்.

“உண்டு, அது இப்போது நலமாக இயங்குகிறது” என்று முடித்து அடுத்த குறிப்புக்குத் தாவினேன்.

இம்தியாசு மட்டும் சிரித்தார், தனியாக, அடக்கமாட்டாமல்.

தீர்ப்பு மரபுக்கே. மேடையை விட்டு இறங்கும்போது ஆராவமுதனார் அருகில் வந்தார். “அம்மா, கணினின்னு ஆரம்பிச்சேளே, ஒரு கதை வரப்போறதுன்னு காத்துண்டிருந்தேன். வந்திருந்தா நான் தோத்துருப்பேன்.”

“அது மேடைக்கதை அன்று, ஐயா.”

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வரதராசர் கோயில் மதிலைத் தாண்டும்போது இவர், “ஏன் சொல்லல?” என்றார்.

“மறந்துட்டேன்.”

“நீயா?”

இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டி சற்று ஆடியது. தோற்றுவிட்டு இப்படிச் சிரித்துக்கொண்டு நான் வீடு திரும்பியதில்லை.

அக்டோபர் 1, 2025

ஆயுத பூசை. இவ்வாண்டும் கூரத்தாரே அழைத்திருந்தனர். புறப்படுமுன் கணினியின் பக்கப்பலகையைத் திருகாணியிட்டு இறுக மூடினேன். முகப்பை ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனக் கிண்ணத்தைத் தறிக்கும் கணினிக்கும் நடுவில் வைத்தேன். என் கொள்கையில் நூலளவும் மாற்றமில்லை. கிண்ணம் எங்காவது இருந்துதானே ஆகவேண்டும்.

பாதிப் பேச்சில் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். இவர் இருந்தார். பூசையை விடியலிலேயே முடித்துவிட்டு அடுத்த பேருந்தில் வந்தாராம். மடியில் பொரிப் பொட்டலம். எனக்கென்று பாதி மீதி.

இரவு வீடு திரும்பியதும் பார்த்தேன். கணினியின் நெற்றியில், பொத்தானுக்கு மேலே, விரல் நுனியளவு சந்தனம்; அதன்மேல் ஒரு செம்புள்ளி.

பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு கூவல்.