மதினி வெஞ்சனத்தில் உப்பு இல்லை

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் உன் படம் போட்டு, நேற்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசை இன்னும் காயவில்லை. அந்த வாடை பட்டதும் நின்றுவிட்டேன். உன் கையில் எப்போதும் அடிக்கிற வாடை அல்லவா அது.

பெரியவர்கள் எப்படி வாசிக்கக் கற்கிறார்கள் என்று ஆராய வந்தவள், முதல் வகுப்பை நம் வீட்டு முற்றத்திலேயே வைத்தாய். இரண்டாம் வகுப்போடு நின்ற உன் அக்கா நானும், பக்கத்து வீட்டு மதினியும், இன்னும் சில மில் பெண்களும் வந்து உட்கார்ந்தோம். பாடத்தை நீ ஒரு தடவை வாசித்தால் போதும். மறுநாள் மிஷின் முன்னால் நின்று, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே, பாட்டுப் போல எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம். புத்தகம் முழுக்க வாய்க்கு வந்துவிட்டது. எல்லோரும் வாசிக்கத் தெரிந்த தெரு என்று விழா வைத்து அறிவிக்க அதிகாரிகள் நாள் குறித்தார்கள்.

அதற்குள் நீ பாடத்தின் வரிகளை முன்பின்னாக மாற்றி, பழைய காலண்டர்த் தாளில் எழுதிக்கொண்டு வந்தாய். நாங்கள் விரலை ஓட்டிக்கொண்டே, பழைய வரிசையில் கணீரென்று சொல்லி முடித்தோம். "இவங்களுக்கு இன்னும் வாசிக்க வரல" என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டாய். விழா நின்றது.

"ஊரெல்லாம் பாஸு, உந்தங்கச்சிதான் நம்மளப் பெயிலாக்கிட்டா" என்றாள் மதினி.

"கூடப் பொறந்தவளுக்குக்கூட விட்டுக்குடுக்க மாட்டியாடி?" என்று நானும் கேட்டேன்.

"நான் இல்லாத எடத்துல நீ வாசிக்கணும்க்கா. அதத்தான் கணக்குல எடுப்பேன்."

மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நீங்களே ஏதாச்சும் சொல்லுங்க" என்றாய். மத்தியானம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மதினி கொடுத்த கத்தரிக்காய் நாக்கிலேயே இருந்தது. "மதினி வெஞ்சனத்துல உப்பு இல்ல" என்றேன். அதை அப்படியே எழுதி, சொல் சொல்லாக வெட்டி, மைதாப் பசையால் அட்டையில் ஒட்டிக் கலைத்துப் போட்டாய்.

"எம்மானத்தையில்ல வெட்டி ஒட்டியிருக்கா!" என்றாள் மதினி. ஆனால் 'மதினி' அட்டையை முதலில் தேடிப் பிடித்தவளும் அவள்தான். பிறகு சொல்லையும் எழுத்து எழுத்தாக வெட்டினாய். அவற்றைச் சேர்த்து நாங்களே புதுச் சொல் கட்டினோம்.

அந்த அட்டைகளோடு செம்பட்டி, வடமதுரை என்று போனாய். டாக்டர் பட்டமும் வாங்கினாய். திண்டுக்கல்லில் நீ டீச்சர்களுக்கு வகுப்பு எடுத்தபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். எங்களுக்கு வாசிக்க வரவில்லை என்று தெரிந்த அன்றுதான் உன் ஆராய்ச்சி தொடங்கியது என்று சொல்லிவிட்டு, போர்டில் எழுதினாய்: மதினி வெஞ்சனத்தில் உப்பு இல்லை. அத்தனை டீச்சரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "எந்தங்கச்சி" என்றேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

நேற்றுப் போஸ்டரில் உன் பேருக்குக் கீழே நீளமாக ஒரு சொல். எழுத்தில் நான் பார்த்திராத சொல். ஆ, ரா, ய் என்று கூட்டிக் கூட்டி, 'ஆராய்ச்சியாளர்' என்று வந்தது. மில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், "என்னக்கா போட்டிருக்கு?" என்றாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் குரல் உடைந்தது. வரி தப்பவில்லை.

நீ இல்லாத இடத்தில்தான் வாசித்தேன். கணக்கில் எடுத்துக்கொள்.